முற்றமும் மைதானமும்

ஒரு விஷயத்தில் மனம் தோய்ந்தவர்கள் நாலு பேராக இருக்கும்வரைதான் அதற்கு ருசி. கூட்டம் பெருகிவிட்டால் ருசி போய்விடும் என்று ஓர் அபிப்பிராயம் நம்மில் பலருக்கு உண்டு. சங்கீதம், நாடகம், இலக்கியம் எதைப் பற்றிப் பேசினாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். "அந்தக் காலத்தில் பத்துப் பேர்தான் இருந்தோம், அது அல்லவா ரசனை!" என்று பெருமூச்சு விடுவார். வீட்டுச் சமையலையும் பந்திச் சமையலையும் உதாரணம் காட்டுவார். எங்கள் திருநெல்வேலிக்காரர்களிடம் மட்டும் இந்த உதாரணம் செல்லாது. சொதிக்குப் பேர் போன இடம் கல்யாணத்துக்கு மறுநாள் நடக்கும் மறுவீட்டுப் பந்தி. அங்கே நாலு பேரா சாப்பிடுகிறார்கள்? இருநூறு பேருக்கு வைத்த சொதிதான் மறு வருஷம் வரை பேசப்படுகிறது.

இந்த விவகாரத்தை என் மனசில் கிளப்பிவிட்டது சங்கீதமும் அல்ல, கம்பராமாயணமும் அல்ல. சித்திரக்கதை. காமிக்ஸ் என்று சொன்னால் சட்டென்று விளங்கும், அப்படியே வைத்துக்கொள்வோம். தமிழில் காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் உண்டு என்பதும், அது வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. நான் அதற்குப் போய் வருகிறவன். அது பெருகுவது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நியாயம்.

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. தினத்தந்தியில் 1960-ல் 'கன்னித்தீவு' தொடங்கியது. சிந்துபாத் புறப்பட்டு 60 வருஷத்துக்கு மேல் ஆகியும் கதை முடியவில்லை. டீக்கடையில் அரசியல் செய்திக்கு முன்னால் கன்னித்தீவைப் பார்க்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பத்திரிகையை நிறுவிய சி. பா. ஆதித்தனார் திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழிக்காரர். அடுத்து சிவகாசி. இன்று அது விருதுநகர் மாவட்டம். ஆனால் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை அந்தப் பகுதியெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்ததுதான். அந்தச் சிவகாசியில் 1972-ல் எம். சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்த ஊர் அது. மையும் காகிதமும் மெஷினும் தயாராக இருந்த இடத்தில் கதைப் படங்கள் வந்து இறங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே தமிழ்க் காமிக்ஸ் என்னும் சொத்தில் எங்கள் பழைய ஜில்லாவுக்குப் பாத்தியதை உண்டு என்று நான் வாதாடினால், கோர்ட்டில் நிற்காவிட்டாலும் திண்ணையில் நிற்கும்.

முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1962-ல் இங்கிலாந்தில் வாலியன்ட் என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் வந்த கதை. கதாநாயகனுக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் முழுவதும் மறைந்துவிடுவான். இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். இதைப் படித்துவிட்டு ப்ளக் பாயிண்டை ஒரு மாதிரியாகப் பார்க்காத பையன் அந்தத் தலைமுறையில் இருந்திருக்க மாட்டான். அவனுக்குப் பின்னால் லாரன்ஸும் டேவிட்டும், ஜானி நீரோவும் வந்தார்கள். வாசகர்கள் இவர்களுக்கு மும்மூர்த்திகள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் கூலிக்கு வரைந்த யாரோ ஒருவருடைய மனிதர்கள் தமிழ் பேசி, தமிழ்ப் பெயர் வாங்கி, தமிழ்ப் பையன்களின் குலதெய்வங்களானார்கள். பாண்டம் என்ற முகமூடிக்காரர் ஒரு பிரசுரத்தில் 'வேதாளர்', இன்னொரு பிரசுரத்தில் 'மாயாவி'. இந்த இரண்டு பெயரில் எது சரி என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட சிநேகிதர்களும் உண்டு.

1984-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மீசை அரும்பும் வயசில், 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். தினத்தந்திக் குழுமம் ஜேம்ஸ் பாண்டை முன்னால் நிறுத்தி 'ராணி காமிக்ஸ்' தொடங்கியது. டெக்ஸ் வில்லர் இத்தாலியிலிருந்து குதிரையேறி வந்ததும், லக்கி லூக் பெல்ஜியத்திலிருந்து வந்ததும் லயன் வழியாகத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய போது இவையெல்லாம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கின.

புதுப் புத்தகம் வாங்குகிறவன் வகுப்புக்கு ஒருவன். மற்ற முப்பது பேரும் அவனுடைய சிநேகிதர்கள். ஒரு புத்தகம் பாளையங்கோட்டையில் புறப்பட்டு, சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷன் வழியாக டவுன் வரை போய், ஒரு மாதம் கழித்து அட்டை இல்லாமல் திரும்பி வரும். பழைய பேப்பர் கடையில் நிறுத்துப் போட வந்த கட்டுக்குள் கையை விட்டுத் துழாவினால் முத்து காமிக்ஸின் பழைய இதழ் அகப்படும். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் விலை பாதி. முடிவை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். நான் கதை எழுதப் பழகியது அங்கேதான் என்று சொன்னால் விமர்சகர்கள் கோபிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து, ஈரத் துண்டோடு, ஒருவன் படிக்க நாலு பேர் தோளுக்கு மேலாகப் பார்ப்போம். பக்கம் புரட்டுகிறவன்தான் தலைவன். படிக்க மெதுவானவன் அடி வாங்குவான்.

அதுதான் முதல் கூட்டம். இரண்டாவது கூட்டம் புத்தகத்துக்குள்ளேயே நடந்தது. ஆசிரியர் 'ஹாட்லைன்' என்ற தலைப்பில் வாசகர்களோடு பேசுவார். வாசகர் கடிதங்களில் பெயரோடு ஊரும் இருக்கும். கடையநல்லூர், தாராபுரம், சேந்தமங்கலம் என்று ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போது, நம்மைப் போல் ஒருவன் அங்கேயும் இருக்கிறான் என்ற ஆறுதல். முகம் பார்க்காமலே ஒரு சங்கம் உண்டாகிவிட்டது. அதற்குத் தலைவர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானமும் இல்லை.

பிறகு தேய்பிறை. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது, கேபிள் வந்தது. 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றுபோயிற்று. லயனும் முத்துவும் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது என்ற நிலைக்கு வந்தன. செத்துப்போயிற்று என்று நாங்கள் கையைக் கழுவப்போகும் சமயத்தில், 2012-ல் அவை எழுந்து உட்கார்ந்தன. வழவழப்பான தாள், வண்ண அச்சு, நூறு ரூபாய் விலை. பெட்டிக்கடையில் கிடையாது, சந்தா கட்டினால் கூரியரில் வரும், அல்லது புத்தகச் சந்தையில் வாங்கலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காமிக்ஸைக் காப்பாற்றியது அந்த விலைதான். அச்சிடுவது சில ஆயிரம் பிரதி. வெளிநாட்டு உரிமைக்குப் பணம் கட்ட வேண்டும். மலிவு விலைக்குக் கணக்கு ஒத்துவராது. ஆனால் அந்த விலையால் வாசகர் ஜாதியே மாறிவிட்டது. முன்பு இரண்டு ரூபாயைக் கையில் பொத்திக்கொண்டு கடைக்கு ஓடி வந்த பையன் போய்விட்டான். மாதச் சம்பளம் வாங்குகிற, சின்ன வயசு ஞாபகத்துக்கு விலை கொடுக்கச் சக்தியுள்ள பெரிய மனுஷன் வந்துவிட்டான். பையன்களுக்காகப் பிறந்த ஒரு பொருள், பையன்களாக இருந்தவர்களுக்கு உரியதாகிவிட்டது. நான் சொல்லவரும் விஷயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. லயன்-முத்து ஸ்டால் அங்கே போட ஆரம்பித்ததும், ஆசிரியரைப் பார்க்க வாசகர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். ஸ்டாலுக்குள் நிற்க இடம் இல்லாமல் வெளியே மரத்தடியில் நின்று பேசினார்களாம். மரத்தடி போதாமல் ஹால் பிடித்தார்கள். பிறகு அதையும்விடப் பெரிய ஹால். 2018 ஆகஸ்டில் 'இரத்தப் படலம்' வண்ணத்தில் மூன்று தொகுதிகளாக வந்தது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பருகே XIII என்ற ரோமன் எண் பச்சை குத்தப்பட்ட, தான் யார் என்பதையே மறந்துபோன ஒருவனின் கதை அது. அதைக் கையில் வாங்கிய சிலர் பேசாமல் ஓரமாகப் போய் நின்று தடவிப் பார்த்ததை நான் கவனித்திருக்கிறேன். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் சிரிப்பு வராது.

அங்கே நடப்பது சாதாரணக் காரியம்தான். கறுப்பு வெள்ளையா வண்ணமா? டெக்ஸுக்கு இத்தனை பக்கம் கொடுப்பது நியாயமா? பழைய மாயாவியை மறுபதிப்புப் போட வேண்டுமா, புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமா? ஆசிரியர் நின்றுகொண்டு பதில் சொல்லுவார். வாசகர் உட்கார்ந்துகொண்டு திட்டுவார். தமிழில் எந்த எழுத்தாளனும், எந்தப் பிரசுரகர்த்தரும் வாசகனிடம் இத்தனை நேரம் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அப்படி ஒரு கூட்டம் வாய்த்தால் நான் பின்பக்க வாசலைத்தான் தேடுவேன்.

ஒரு தடவை பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். பேச்சு வாக்கில் அம்பாசமுத்திரம் என்று தெரிந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலிதான் அண்ணாச்சி, பாளையங்கோட்டை."

மடியிலிருந்த மஞ்சப் பையைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் எழுபதுகளில் வந்த முத்து காமிக்ஸ், வரிசையாக. ரயிலில் தூங்காமல் காவல் காத்துக்கொண்டு வந்தாராம்.

"வீட்டுல முந்நூறுக்கு மேல கெடக்கு. மவன் பெங்களூர்ல இருக்கான், நல்ல பிள்ளைதான். 'எப்பா, இதையெல்லாம் யாருக்காவது கொடுத்திருங்க'ங்கான். கொடுக்கதுக்கு எனக்கென்ன? வாங்கதுக்கு யாரு இருக்கா? இந்த ஹால்ல ஒரு சுத்துச் சுத்திப் பாரும். டை அடிக்காத தலை எத்தனை, எண்ணிச் சொல்லும்."

நான் சுற்றிப் பார்த்தேன். நரைத்த தலைகளும், நரையை மறைத்த தலைகளும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் சிலர், செல்போனில் இருந்தார்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஹால் பெரிதாகியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஜனங்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு வயசு கூடிக்கொண்டு வருகிறார்கள். கூட்டம் வளர்கிறதா, வயோதிகம் வளர்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான காட்சியைச் சென்னையில் கண்டேன். டெல்லியில் 2011-ல் டில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தை வளாகத்தில் 'காமிக் கான்' என்ற விழா தொடங்கியது. அது ஊர் ஊராகப் பரவி, 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்து சேர்ந்தது. டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருபது வயசுக் கூட்டம். பெண்பிள்ளைகள் ஆண்களுக்குச் சமமாக. பாதிப் பேர் வேஷம் கட்டியிருந்தார்கள். ஜப்பானிய கார்ட்டூன் வீரர்கள், வௌவால் மனிதன், வாள், கேடயம், வர்ண வர்ணமாய் விக். எங்கள் ஊர்ப் பக்கம் குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போனவனுக்கு வேஷம் புதிதல்ல. காளியும் குறவனும் குரங்கும் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசில் முள் தைத்தது வேறு இடத்தில். பொம்மைக்கும் பனியனுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் நின்ற வரிசை, புத்தக மேஜைகளுக்கு முன்னால் நிற்கவில்லை. ஈரோட்டில் புத்தகம் இருந்தது, இளசுகள் இல்லை. இங்கே இளசுகள் இருந்தார்கள், புத்தகம் ஓரத்தில் நின்றது.

வெளிநாட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1970-ல் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். இப்போது லட்சத்துக்கு மேல் வருகிறார்கள். சினிமாக் கம்பெனிகள் வந்து மேடையைப் பிடித்துக்கொண்டன. பிரான்ஸில் அங்குலேம் என்று ஒரு சிறிய ஊர். ஆற்றங்கரை ஊர், காகித ஆலைகளுக்குப் பேர் போனது. எங்கள் ஆற்றையும் சிவகாசி அச்சையும் சேர்த்து வைத்தாற்போல் என்று சொல்லலாம். அங்கே 1974 முதல் சித்திரக்கதை விழா நடந்தது. உலகமே திரும்பிப் பார்க்கிற விழாவாக வளர்ந்தது. கடைசியில், அதை நடத்திய நிறுவனத்தின் போக்குப் பிடிக்காமல் கதை எழுதுகிறவர்களும் படம் போடுகிறவர்களும் வர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 2026 ஜனவரி விழா நடக்காமலே போயிற்று. கல்யாண வீட்டில் பந்தல், மேளம், வாழைமரம் எல்லாம் இருந்து, மாப்பிள்ளை வரவில்லை என்றால் என்ன செய்வது?

சரி, முற்றமே போதும், மைதானம் வேண்டாம் என்று முடித்துவிடலாமா? அப்படி முடிக்க விடாமல் என்னைத் தடுப்பது எங்கள் ஊர்ச் சரித்திரமே.

தாமிரபரணிக் கரையில் வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீடு. 1920-களில் அந்த வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடுவார்கள். வட்டத்தொட்டி என்று பேர். நிர்வாகஸ்தர் கிடையாது, சட்டதிட்டம் கிடையாது. கம்பனில் ஒரு பாட்டை எடுத்து டி.கே.சி. திருப்பித் திருப்பிச் சொல்லுவார், வந்தவர்கள் அனுபவிப்பார்கள். பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றவர்கள் அந்த முற்றத்தில் உட்கார்ந்தவர்கள். பிறகு அவர் குற்றாலத்தில் குடியேறியதும், ராஜாஜி, கல்கி என்று அங்கேயும் கூட்டம் சேர்ந்தது. 1939-ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் கண்டார். முதல் கம்பன் திருநாளுக்குத் தலைமை வகித்தவர் டி.கே.சி. இன்று கம்பன் விழா நடக்காத பெரிய ஊர் தமிழ்நாட்டில் இல்லை, கொழும்பிலும் நடக்கிறது. முற்றத்தில் கிளம்பிய ரசனை மைதானத்துக்கு வந்துவிட்டது.

இதில் நஷ்டம் இல்லையா? உண்டு. பட்டிமண்டபத்தில் கைதட்டலுக்காகப் பேசுகிற பேச்சுக்கும், முற்றத்தில் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் லாபத்தையும் சொல்ல வேண்டும். கம்பராமாயணத்தில் பெரும் பகுதி இடைச்செருகல் என்பது டி.கே.சி.யின் முடிவு, அதன்படியே பாட்டுகளைக் கழித்துப் பதிப்பும் போட்டார். முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் வாக்கு வேதவாக்கு. அதை மறுத்துக் குரல் கொடுத்தவர்கள் முற்றத்துக்கு வெளியே இருந்த புலவர்கள். முற்றத்தில் அன்பு இருக்கும், மறுப்பு இருக்காது. 'இல்லை' என்று சொல்லுகிற ஆள் வேண்டுமானால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். காமிக்ஸுக்கும் இது பொருந்தும். ஐம்பது வருஷமாக நாங்கள் மாயாவியையும் டெக்ஸையும் புகழ்ந்துகொண்டே இருக்கிறோம். "எல்லாம் மொழிபெயர்ப்புத்தானா? நம் ஆள் வரைந்தது எங்கே?" என்று கேட்கிற துணிச்சல் முற்றத்துக்காரர்களுக்கு எளிதில் வராது, புதிதாக உள்ளே வருகிறவனுக்குத்தான் வரும். வாண்டுமாமா எழுதச் செல்லம் வரைந்த கதைகள் ஒரு காலத்தில் இருந்தன. அந்த வழியில் தொடர்ந்து நடந்தவர்கள் மிகக் குறைவு. வேஷம் கட்டிக்கொண்டு வந்த அந்தச் சென்னைப் பிள்ளைகளில் பலர் கையில் படம் போடுகிற நோட்டு இருந்ததை நான் பார்த்தேன்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. இரண்டுக்கும் நடுவே 130 கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் ஓட்டமாய் ஓடிக் கடலில் போய் விழுந்திருக்கும். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு இடத்தில் பழங்காலத்து மனிதர்கள் அணை கட்டினார்கள். எட்டாவதாக ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளைக்காரன் கட்டினான். ஆற்றைச் சின்னதாக்குவதற்கு அல்ல, கால்வாய்களில் திருப்பி விடுவதற்கு. அதனால்தான் இங்கே நெல் விளைகிறது. பெருகுகிற கூட்டத்துக்கும் அதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய விழா ஓடட்டும். அதிலிருந்து ஊருக்கு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவில் ஒரு சாயங்காலத்தைச் சித்திரக்கதைக்கு ஒதுக்கலாம். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சியின் முந்நூறு புத்தகங்களுக்கு ஒரு பொது நூலகத்தில் ஒரு அலமாரி கிடைத்தால், நூறு ரூபாய் இல்லாத பையனும் பெண்ணும் உட்கார்ந்து படிக்கலாம். வரையத் தெரிந்த பிள்ளைகள் அங்கே வந்தால், தசரா வேஷத்தையும் படித்துறையையும் வரையச் சொல்லலாம். ஈரோட்டு ஹால் நிரம்புவதும் சென்னையில் டிக்கெட் விற்பதும் நல்ல செய்திதான். எனக்கு வேண்டிய செய்தி அதைவிடச் சின்னது. எங்காவது ஒரு படிக்கட்டில் ஒருத்தி பக்கம் புரட்ட, நாலு பிள்ளைகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சீக்கிரம் புரட்டேன்" என்று கத்த வேண்டும்.